எவ்விடத்தில் இறங்கினான்?
திருகோணமலை மாவட்டத் திடீர் மரண விசாரணை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

நான் உப்புவெளியில் ஏ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிற ரியூசன் வாத்தியார். இருபத்திரண்டு வருசமாக இதுதான் பிழைப்பு. சட்டமும் வைத்தியமும் நான் படித்ததில்லை. உங்களில் ஒருவர் நடத்திய விசாரணையில் பின்வாங்கிலில் உட்கார்ந்திருந்தவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன். அவர் யாரென்று இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் கதை அவரைப் பற்றியதாகிவிடும்.

நாலு வருசத்துக்கு முன், தைப்பொங்கலுக்கு மறுநாள் பின்னேரம், என்னிடம் படித்துக் கம்பஸ் போன பொடியன் ஒருவன் கடலில் போனான். மூன்றாம் நாள் விடியக் கரைவலைக்காரர் கண்டார்கள். தகப்பனால் கதைக்க முடியாத நிலை. வீட்டுக்கு நெருங்கியவன் என்று என்னையும் கூட்டிப் போனார்கள்.

பிணவறைக்குப் பக்கத்து அறை. மேசையில் ஒரு படிவம், நீலப் பேனை, பாதி குடித்த பிளேன்ரீ. தகப்பனிடம் நாலு கேள்வி. இவர் உங்கட மகன்தானே, வயது என்ன, ஏதும் வருத்தம் இருந்ததா, ஆரிலும் சந்தேகம் இருக்கா. நாலாவது கேள்விக்கு அந்த மனுசன் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. "இல்லை" என்றார். பிறகு கூடப் போன மூன்று பொடியன்கள். "இடுப்பளவு தண்ணியிலதான் நிண்டனாங்கள் சேர், திரும்பிப் பாக்க ஆளைக் காணேல்ல." மூன்று பேரும் சொல்லுக்குச் சொல் இதையே சொன்னார்கள். எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. 'நிலாவெளிப் பக்கக் கடல்' என்று எழுதப்பட்டது. 'நீரில் மூழ்கியமையால் ஏற்பட்ட மரணம்' என்று முடிந்தது. வெளியே வந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை.

நிலாவெளிப் பக்கக் கடல் என்பது எத்தனை மைல் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். வந்திருந்த அதிகாரி வயதானவர். ஓட்டோ பிடித்து வந்தவர். எழுதும்போது அவருடைய கையும் கொஞ்சம் நடுங்கியது. நீங்கள் பெரும்பாலும் எங்கள் ஊரவர்கள்தான், செத்தவனின் மாமனையோ பெரியப்பாவையோ தெரிந்தவர்கள். பெடியனை வெட்டிக் கொத்தாமல் கெதியாய் வீட்டுக்குக் கொடுங்கோ என்று உங்கள் காலைப் பிடிக்கிறதும் நாங்கள்தான். அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

செருப்பு வந்த பிறகுதான் இந்த மடல் எனக்குள்ளே எழுதப்படத் தொடங்கியது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சில நாளில் கரைவலைப் பெரியவர் ஒருவர் சொப்பிங் பையில் ஒரு சோடி பாட்டாச் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். நாங்கள் எல்லாரும் நின்று தேடின இடத்துக்கு வடக்கே, நடந்தால் பத்து நிமிடத் தூரத்தில், களப்பு கடலோடு கலக்கிற முகத்துவாரத்து மணல் திட்டில், சோடியாகக் கழற்றி வைத்தபடி, மண்ணில் பாதி புதைந்து கிடந்ததாம். இடது செருப்பின் வார் அறுந்து தங்கூசி நூலால் கட்டியிருந்தது. தாய் செருப்பைப் பார்க்கவில்லை, அந்த முடிச்சைத்தான் பார்த்தா. பொங்கலன்று காலையில் அவ கட்டிக் கொடுத்த முடிச்சு.

அந்தப் பெரியவர் எனக்கு விளங்கப்படுத்தினார். மாரி முடிகிற நேரம் களப்பு நிறைந்து வாய் திறந்திருக்கும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஓர் ஒழுங்கை மாதிரி அலையில்லாமல் கிடக்கும். ஊர்க்காரன் அதைக் கண்டால் விலகிப் போவான். வெளியூர்க்காரன் அலையில்லாத இடம் நல்ல இடம் என்று அதற்குள்தான் இறங்குவான். களப்புத் தண்ணியும் கரையில் மோதித் திரும்புகிற தண்ணியும் அந்த ஒழுங்கையால்தான் கடலுக்கு ஓடும். எங்கள் பொடியன் வயல் ஊரான், வாய்க்காலிலும் குளத்திலும் நீந்தப் பழகினவன். குளத்து நீச்சல்காரன் என்ன செய்வான்? கரையைப் பார்த்து நேரே அடிப்பான். இழுவைக்கு எதிரே நேராக நீந்தி யாரும் கரை சேர்ந்ததில்லை என்றார் பெரியவர். கரைக்குச் சமாந்தரமாக, பக்கவாட்டில் நீந்தி ஒழுங்கையை விட்டு வெளியே வந்தால்தான் அலையே ஆளைக் கரைக்குக் கொண்டுவரும். எனக்கு ஐம்பது வயது, பிறந்து வளர்ந்தது இந்தக் கரையில். எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"அவனுக்கு நீந்தத் தெரியுமே" என்று தாய் கேட்டுக்கொண்டே இருந்தா. அதற்குப் பதில் அந்த மணல் திட்டில் இருந்தது. விசாரணைத் தாளில் அந்தத் திட்டு இல்லை.

இன்னொன்றும் இல்லை. ஒரு வருசம் கழித்து, அந்த மூவரில் ஒருவன் ரியூசன் கொட்டிலுக்கு வந்து, பிள்ளைகள் எல்லாம் போன பிறகு சொன்னான்: அவன் கடைசியாகப் போன் கதைத்துக்கொண்டு வடக்குப் பக்கமாகத் தனியே நடந்து போனவன். இவர்கள் இடுப்பளவு தண்ணியில் நின்றது உண்மைதான். அவன் நின்றது அங்கே இல்லை. ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆரும் கேக்கேல்ல சேர்" என்றான்.

யாரோடு கதைத்தான்? போன் எங்கே? செருப்பைக் கழற்றி வைத்தவன் தானாக இறங்கினானா, கால் கழுவ இறங்கி மண் சரிந்ததா? எனக்குத் தெரியாது. தாய்க்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியவராது என்றுதான் நினைக்கிறேன். மூன்றாம் நாள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விசயங்கள் இவை.

எழுதாமல் விட்ட இடத்தை ஊர் நிரப்பும். ஒரு கிழமைக்குள் நாலு கதை வந்தது. காதல் பிரச்சினையாம். தண்ணியைப் போட்டிருந்தானாம். சீனியர்மார் பகிடிவதை செய்து கடலுக்குள் இறக்கினார்களாம். முகத்தில் காயம் இருந்ததால் அடித்துத்தான் போட்டார்களாம். கடைசிக் கதைதான் நிலைத்தது. அந்த மூன்று பொடியன்களில் ஒருவன் படிப்பை விட்டுவிட்டுக் கட்டார் போய்விட்டான். அவனுடைய தாய் இன்றைக்கும் கோயிலில் எங்கள் பொடியனின் தாயைக் கண்டால் அடுத்த வாசலால் போகிறா.

முகத்துக் காயத்தைப் பற்றி நான் பிறகு விசாரித்தேன். மூழ்கின உடல் முதலில் தாழ்ந்துபோகும். வெப்பமான தண்ணியில் இரண்டு மூன்று நாளில் உள்ளே காற்று ஊறி மேலே வரும். அடியில் கிடக்கிறபோது முகம் கீழே தொங்க, மண்ணிலும் கடலடிப் பாறையான பாரிலும் உரசும். மீனும் நண்டும் முதலில் கடிப்பது உதடு, காது, கண் இமை மாதிரியான மெல்லிய இடங்களை. உயிரோடு இருக்கையில் பட்ட காயத்தையும் செத்த பிறகு பட்டதையும் சட்ட வைத்திய அதிகாரி பிரித்துப் பார்ப்பார், சில நேரம் அவருக்கும் கடினமாக இருக்கும். அவர் பார்த்திருப்பார், எழுதியும் இருப்பார். அந்த இரண்டு வரியை யாராவது தமிழில் அந்தத் தகப்பனுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் ஒரு பிள்ளை படிப்பை விட்டிருக்கமாட்டான்.

தண்ணியைப் போட்டிருந்தான் என்ற கதையும் அப்படித்தான். நாள்பட்ட உடலில் மதுசாரம் தானாகவே உண்டாகும் என்கிறார்கள். இரத்தத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது, கண்ணுக்குள் இருக்கிற நீரையும் எடுத்துப் பார்க்கவேண்டும். எடுத்தார்களா? தெரியாது. மூழ்கியமை என்ற முடிவே மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்துதான் சொல்லப்படவேண்டும் என்று சட்ட மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. கைவிரல் சூம்பியிருப்பது அவன் தண்ணிக்குள் கிடந்தான் என்றுதான் சொல்லும், எப்படிப் போனான் என்று சொல்லாது.

கூடப் போனவர்கள் ஏன் சத்தம் கேட்கவில்லை என்பதும் ஊரின் கேள்வி. மூழ்குகிறவன் கத்தமாட்டான், ஐயா. மூச்செடுக்கவே வாய் தண்ணிக்கு மேலே நிற்காது, அதில் கத்துவதெங்கே? கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணியை அழுத்தும், மேலே தூக்கி ஆட்டாது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படத்தில் காட்டுகிற மாதிரி 'காப்பாத்துங்கோ' என்று கை காட்டுகிறவன் இன்னும் மூழ்கத் தொடங்காதவன். தள்ளி நின்றவர்கள் காணாமல் விட்டது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. இதையும் அன்று யாரும் சொல்லவில்லை.

இப்போது நான் எழுதத் தயங்குகிற இடத்துக்கு வருகிறேன். இந்த ஊர் ஏன் 'அடித்துப் போட்டார்கள்' என்ற கதையை உடனே நம்புகிறது? 2006 ஜனவரி 2, எங்கள் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கொண்டுவந்த கைக்குண்டு அவர்களிடமே வெடித்தது என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட காரணம். ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன. அந்தப் படங்களை எடுத்த 'சுடர் ஒளி' செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி இதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 விசேட அதிரடிப் படையினரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஐந்து பேரும் எங்கள் பொடியன் மாதிரித்தான், பின்னேரம் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போனவர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடற்கரையில் செத்த இளம் பொடியனைப் பற்றி அரசாங்கத் தாளில் ஒரு வரி எழுதி முத்திரை குத்தினால், அந்த வரியை இந்த ஊர் எந்தக் கண்ணால் வாசிக்கும் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது.

என் மாணவர்கள் போனில் இன்னொரு கதையை எனக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் கல்லூரிப் பொடியன்கள் இரவில் கூட்டாளிகளோடு வெளியே போய்க் காணாமல் போவதும், ஆற்றிலோ ஏரியிலோ உடல் வருவதும் 1997 அளவிலிருந்து திரும்பத் திரும்ப நடந்தது. 2008இல் ஓய்வுபெற்ற நியூயோர்க் துப்பறிவாளர் இருவர், நாற்பதுக்கு மேற்பட்ட சாவுகளை ஒன்றாகக் கோர்த்து, சில இடங்களில் சுவரில் சிரித்த முகம் வரைந்திருப்பதைக் காட்டி, இது ஒரு கொலைகாரக் கூட்டத்தின் வேலை என்றார்கள். சிரித்த முகம் இல்லாத சுவர் எந்தப் பட்டணத்தில் இருக்கிறது? எஃப்.பி.ஐ. அதே வருசம், தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை, பெரும்பாலானவை குடியோடு சம்பந்தப்பட்ட மூழ்கல்களாகத் தெரிகின்றன என்றது. நானும் அந்தக் கூட்டத்தை நம்பவில்லை. ஆனால் அதே வரிசையில் மினியாபொலிஸ் நகரத்துப் பிள்ளை ஒருவனின் கதை இருக்கிறது. 2002இல் காணாமல் போனான், அடுத்த வருசம் மிசிசிப்பி ஆற்றில் உடல் வந்தது. குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்ற மாதிரி பொலிஸ் இருந்துவிட்டது. பெற்றோர் விடவில்லை. 2006இல் அது கொலை என்று பதிவை மாற்றி, நகரப் பொலிஸ் தலைமை அதிகாரி குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு பக்கம் இல்லாத கொலைகாரனைத் தேடுகிறார்கள், மற்றப் பக்கம் இருந்த கொலையைக் காணவில்லை. முதல் வாரத்தில் கேள்வி கேட்காததிலிருந்து இரண்டும் முளைத்தன என்பது என் கணக்கு.

அங்கே லா குரோஸ் என்றொரு சிறிய பல்கலைக்கழக நகரம். அங்கேயும் வரிசையாகப் பொடியன்கள் ஆற்றில் போனார்கள், அங்கேயும் கொலைகாரன் கதை. கடைசியில் மாணவர்களே 2006இல் வார இறுதி இரவுகளில் ஆற்றங்கரையில் காவல் நிற்கத் தொடங்கினார்கள். எந்த இடத்தால் ஆற்றுக்கு இறங்குகிறார்கள் என்று தெரிந்ததால்தான் அங்கே போய் நிற்க முடிந்தது.

எங்கள் ஊருக்கே ஒரு பழைய உதாரணம் உண்டு, மடலை நீட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிறபோது சுவாமி மலையில் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்று நிற்கிறது, 1687 என்று வெட்டியிருக்கும். பிரான்சினா என்ற ஒல்லாந்தப் பெண், காதலனின் கப்பல் போவதைப் பார்த்து அங்கிருந்து குதித்துச் செத்தாள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஒல்லாந்தப் பதிவேடுகளின்படி அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து கலியாணமும் முடித்திருக்கிறாள். தலைமுறை தலைமுறையாக நாங்கள் அவளைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

சரி, என்ன கேட்கிறேன்?

இடத்தை எழுதுங்கள். உடல் வந்த இடத்தை மட்டும் அல்ல, இறங்கின இடத்தையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மைல் இருக்கலாம். நீங்களோ பொலிசாரோ அந்தக் கரைக்குக் காலால் ஒருமுறை நடந்து போங்கள், அங்கே வலை இழுக்கிற ஒருவரைக் கூப்பிட்டு, அன்று காற்று என்ன, களப்பின் வாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று கேளுங்கள். ஆடி ஆவணியில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கடல் குளம் மாதிரிக் கிடக்கும், ரியூப்பில் மிதக்கிறவனை ஓசையில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். மார்கழி தையில் வாடை, கடல் வேறு. ஒரே கரை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விதமாகக் கொல்லும். அதனால் மாதத்தையும் மணியையும் எழுதுங்கள். கூடப் போனவர்களைத் தனித்தனியே கேளுங்கள், ஆனால் குற்றவாளியைக் கேட்கிற மாதிரிக் கேட்காதீர்கள். கடைசியாக எந்தப் பக்கம் பார்த்தாய் என்று கேட்டால் போதும். செருப்பு, உடுப்பு, போன் எங்கே என்று கேளுங்கள். கம்பஸ் பொடியன் என்றால் பகிடிவதை இருந்ததா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. இல்லை என்று தெரிந்தால் அதையும் எழுதிவிடுங்கள், சீனியர்மாரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். யாரும் கூட இல்லாமல் செத்திருந்தால், காரணம் தெளியாவிட்டால், தெளியவில்லை என்றே முடிவு எழுதுங்கள். திறந்த தீர்ப்பு என்று ஒன்று உங்களிடம் இருக்கிறது. சந்தேகமில்லை என்பதைவிட அது நேர்மையானது.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிகளும் இதை வாசித்தால், மொழியைப் பற்றி ஒரு சொல். அந்த மூன்று பொடியன்களும் கையெழுத்து வைத்த வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. இரண்டு பேருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் என்று 1988இல் அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தத்தில் எழுதியாயிற்று. இதே கரையில் கண்டியிலிருந்தும் அநுராதபுரத்திலிருந்தும் வந்த சிங்களப் பிள்ளைகளும் போகிறார்கள், கிண்ணியா மூதூர்ப் பிள்ளைகளும் போகிறார்கள். அவரவர் தாய்க்கு விளங்குகிற மொழியில் அறிக்கை கிடைக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எழுதின இடங்களை மாவட்டச் செயலகத்தில் ஒரே ஒரு வரைபடத்தில் புள்ளி போடுங்கள். கணிதம் படிப்பிக்கிறவன் சொல்கிறேன், பத்துப் புள்ளி போட்டதும் படமே கதைக்கும். எந்த இடத்தில் மூன்று மொழியிலும் பலகை நடவேண்டும், உயிர்காப்புப் பொலிசாரை எங்கே எந்த மாதங்களில் நிறுத்தவேண்டும், கம்பஸில் புதிய பிள்ளைகளுக்கு முதல் நாளே எந்தக் கரையைக் காட்டவேண்டும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். இதற்கு வெளிநாட்டு நிதியோ புதிய திணைக்களமோ வேண்டாம்.

இரண்டு வருசம் கழித்து அதே முகத்துவாரத்தில் இன்னொரு பொடியன் போனான், வெளியூர், சுற்றுலா வந்த இடத்தில். கரைவலைப் பெரியவர்தான் இந்த முறையும் உடலைக் கண்டவர். அந்த விசாரணைத் தாளிலும் 'நிலாவெளிப் பக்கக் கடல்' என்றே இருக்கிறதாம். அதன் பிறகு அவர் தன்பாட்டில் ஒரு கிளுவங்கம்பை வெட்டி, சிவப்புச் சீலைத் துண்டு கட்டி அங்கே நட்டார். வாடை வந்தால் கம்பு போய்விடும், போனால் அடுத்ததை நடுவார். அவருக்கு இப்போது எழுபத்திநாலு வயது.

அவரும் நானும் சேர்ந்து அந்தக் கரையின் படம் ஒன்றை ஏ4 தாள்களை ஒட்டிக் கையால் கீறியிருக்கிறோம். முகத்துவாரங்கள், பார் இருக்கிற இடங்கள், இழுவை இருக்கிற மாதங்கள், அவருக்கு ஞாபகமுள்ள சாவுகள், பெயரில்லாமல், புள்ளியாக. செருப்புக் கிடந்த இடத்தையும் போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் எனக்குக் காலையில் வகுப்பு இல்லை. உங்களில் யாராவது வரச் சொன்னால் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் வந்தால் கொஞ்சம் இருக்கக் கதிரை கொடுக்கவேண்டும், முழங்கால் வருத்தம்.

இப்படிக்கு,
ஒரு ரியூசன் வாத்தியார்,
உப்புவெளி, திருகோணமலை